செயற்கை முழங்கால் எப்படி அசைகிறது: நிற்க, நடக்க, உட்கார, படியேற ஒரு கையேடு

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே எல்லோரும் ஓர் எண்ணைத் துரத்தத் தொடங்குகிறார்கள்: "எத்தனை டிகிரி மடங்குகிறது?" தொண்ணூறா, நூறா, நூற்றிருபதா என்று அடுத்தவரோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் நடக்கும். அந்த எண் முக்கியம்தான், ஆனால் அது பாதிக் கணக்கு. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது ஒன்று; அந்தக் கோணத்தில் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் கூடவே ஏறி இறங்குவதில்லை. கட்டிலில் படுத்தபடி 110 டிகிரி மடக்கினாலும் மூட்டின்மேல் பெரிய பாரம் இல்லை. நடக்கும்போது 20 டிகிரிக்குள் மடங்கியிருக்கும் அதே மூட்டின்மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு இறங்குகிறது. அன்றாட வேலை ஒவ்வொன்றையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்துப் பழகினால், எதை எப்போது செய்யலாம், எதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்பது தானாகவே விளங்கும்.

உள்ளே இருப்பவை

மூட்டு முழுவதையும் மாற்றும் முழு மூட்டு மாற்றில் பாகங்கள் நான்கு. தொடை எலும்பின் அடிமுனையில் தொப்பி போல மாட்டப்படும் வளைந்த உலோகம். இது பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவை. கீழ்க்கால் எலும்பின் தலையைத் தட்டையாக அறுத்து அதன்மேல் பதிக்கும் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே, குருத்தெலும்பின் வேலையைச் செய்யும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடு. முழங்கால் சில்லின் பின்பக்கம் ஒட்டும் சிறிய பிளாஸ்டிக் வில்லை. சில மருத்துவர்கள் சில்லைத் தொடாமலே விட்டுவிடுவதும் உண்டு. உலோகத்தை எலும்போடு பிடித்து வைப்பது பெரும்பாலும் எலும்பு சிமெண்ட்.

அறுவையின்போது எதை எடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அசைவு மாறுவது அங்கேதான். மூட்டின் நடுவில் சிலுவை போலக் குறுக்கிடும் இரண்டு தசைநார்களில் முன்பக்கத்து ஏசிஎல் ஏறக்குறைய எல்லா வகை முழு மாற்றிலும் நீக்கப்படுகிறது. பின்பக்கத்து பிசிஎல் சில வகைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் உள்ள பக்கத் தசைநார்களை வைத்துக்கொள்கிறார்கள். மூட்டு ஆடாமல் நிற்பது அவற்றின் இறுக்கத்தால்தான்.

இயற்கை முழங்கால் கதவுக் கீல் அல்ல

மடங்கும்போது இயற்கை முழங்காலில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன: தொடை எலும்பு உருள்கிறது, வழுக்குகிறது, கூடவே கீழ்க்கால் எலும்பு சற்றே திரும்புகிறது. தொடை எலும்பின் அடிமுனையில் உள்ள இரண்டு குமிழ்களில் உள்பக்கக் குமிழ் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழல, வெளிப்பக்கக் குமிழ் பின்னோக்கி உருண்டு போகும். அப்படிப் பின்னே போவதால்தான் ஆழமாக மடக்கும்போது எலும்பின் பின்விளிம்புகள் ஒன்றையொன்று இடிப்பதில்லை. நீட்டும்போது இதன் மறுதலை. கடைசி 15, 20 டிகிரியில் கீழ்க்கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, திருகு இறுகுவது போல மூட்டு பூட்டிக்கொள்கிறது. நாம் நெடுநேரம் அதிகத் தசை உழைப்பின்றி நிற்க முடிவது இந்தப் பூட்டினால்.

1950களில் வந்த செயற்கை முழங்கால்கள் உண்மையிலேயே கீல்களாக இருந்தன. மடங்கும், நீளும், திரும்ப இடமில்லை. காலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு விசை உலோகமும் எலும்பும் சேரும் இடத்தில் போய் விழுந்தது. அவை தளர்ந்து கழன்றதற்கு அது ஒரு பெரிய காரணம். 1974ல் நியூயார்க்கில் முதலில் பொருத்தப்பட்ட டோட்டல் கான்டிலார் வகையில் கீல் இல்லை. வளைந்த உலோகம் குழிவான பிளாஸ்டிக்கின்மேல் உட்கார்ந்து அசைந்தது. இன்றைய மூட்டுகள் பெரும்பாலும் அந்த வழிவந்தவை.

ஆனாலும் இவை இயற்கை மூட்டின் பாதையில் அப்படியே போவதில்லை. ஊடுகதிர்க் காணொளியில் நடப்பவர்களின், குனிபவர்களின் மூட்டைப் படம்பிடித்துப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, திரும்பும் அளவு குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் 10 டிகிரிக்கும் கீழே. இரண்டு, ஏசிஎல் இல்லாததால், மடக்கும்போது பின்னே உருள வேண்டிய தொடை எலும்பு சில வேளைகளில் முன்னே வழுக்குகிறது. படியிறங்கும்போதோ நாற்காலியிலிருந்து எழும்போதோ "கால் ஒரு நொடி என் பேச்சைக் கேட்கவில்லை" என்று சிலர் சொல்வதற்கு இந்த முன்வழுக்கல் ஒரு காரணமாக இருக்கலாம். தொடை எலும்பு முன்னே வந்தால் தொடை முன்தசைக்கு நெம்புகோல் குட்டையாகிவிடும். அதே வேலைக்கு அது கூடுதலாக இழுக்க வேண்டும். தசை பலமாக இருப்பவர்களுக்கு இது உறைப்பதில்லை. பலம் குறைந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்கள் காலில் எந்த வகை

மருத்துவமனையிலிருந்து வரும் வெளியேற்றக் குறிப்பிலோ, அதில் ஒட்டியிருக்கும் உள்வைப்பு (உள்ளே பொருத்திய செயற்கை மூட்டு) சீட்டுகளிலோ வகை எழுதப்பட்டிருக்கும். புரியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்தத் தொந்தரவு வந்தாலும் முதலில் தேவைப்படும் தகவல் அது.

பிசிஎல்லை வைத்துக்கொள்ளும் வகையில், தொடை எலும்பைப் பின்னே இழுக்கும் வேலையை உங்கள் சொந்தத் தசைநாரே செய்கிறது. அதன் இறுக்கம் சரியாக அமைந்தால் நல்ல அசைவு. தளர்ந்திருந்தால் முன்வழுக்கல். பிசிஎல்லை நீக்கும் வகையில் பிளாஸ்டிக் தகட்டின் நடுவே ஒரு முளை எழும்பி நிற்கும்; தொடைப் பாகத்தில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். வடிவமைப்பைப் பொறுத்து 60 முதல் 90 டிகிரி வரையிலான ஏதோ ஒரு கோணத்தில் சட்டம் முளையைத் தொட்டு, தொடை எலும்பைப் பின்னே தள்ளத் தொடங்கும். இந்த வகைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முழங்காலைப் பின்பக்கமாக வளைத்துப் பூட்டி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். அப்படி நிற்கையில் தொடைப் பாகம் முளையின் முன்பக்கத்தில் இடிக்கும், பிளாஸ்டிக் தேயும்.

உள்பக்கத்தைக் கிண்ணம் போல ஆழப்படுத்தி, வெளிப்பக்கத்தைத் தட்டையாக விட்டு, இயற்கையான சுழற்சியைக் கொண்டுவரப் பார்க்கும் வகையும் உண்டு. பிளாஸ்டிக் தகடே தட்டின்மேல் சுழலும் வகையும் உண்டு. அதிகக் கோணத்துக்கென்றே வடிவமைத்த மூட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் சாதாரண வகையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சராசரி மடக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மடக்கத்தை அதிகம் தீர்மானிப்பது அறுவைக்கு முன் மூட்டு எவ்வளவு மடங்கியது என்பதும், முதல் சில வாரப் பயிற்சியும்தான்.

மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று கதை வேறு. அதில் ஏசிஎல், பிசிஎல் இரண்டும் இருக்கும். அசைவு இயற்கைக்கு மிக நெருக்கம்.

வீட்டிலேயே கோணத்தை அளப்பது

கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலி இருந்தால் போதும். மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடி முழங்காலை முடிந்தவரை மடக்குங்கள். கைப்பேசியைத் தொடையின் முன்புறம் நடுவில் நீளவாக்கில் வைத்து, கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்வு என்று பாருங்கள். பிறகு கீழ்க்காலின் முன்னெலும்பின்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் மடக்கக் கோணம். தொடை 48, கீழ்க்கால் 57 என்றால் 105. தொடைச் சதையின் சரிவால் சில டிகிரி பிழை வரும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்தால் ஏற்ற இறக்கம் நம்பகமாகத் தெரியும். நாளுக்கு நாள் அளந்து மனம் சோர வேண்டாம். வீக்கத்தைப் பொறுத்து ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் இருக்கும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் அளப்பது போதும்.

நீட்டலையும் இதே முறையில் அளக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, காலைத் தளரவிட்டு, இரண்டு சாய்வையும் பாருங்கள். முழுக்க நீண்டால் இரண்டு சாய்வும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

பொதுவான போக்கு இது: இரண்டு மூன்று வாரத்தில் 90, ஆறு முதல் எட்டு வாரத்தில் 110 அளவு. அதன்பின் முன்னேற்றம் மெதுவாக ஓராண்டு வரைகூடத் தொடரும். 115, 120 என்பது பலருக்கு இறுதி எண். வேலைகளுக்கு வேண்டிய கோணங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சமதள நடைக்கு 60 முதல் 65, படியேற 85 அளவு, இறங்க 90, சாதாரண நாற்காலியிலிருந்து எழ 95, தாழ்ந்த இருக்கைக்கும் குனிந்து காலணி நாடா கட்டவும் 105க்கு மேல். 110 வந்துவிட்டால் நாற்காலி, மேசை, படிக்கட்டு வாழ்க்கைக்குக் கோணம் தடையாக இருக்காது. மீதி எல்லாம் பலமும் பழக்கமும்.

பாரத்தின் கணக்கு

பெர்லினில் சில நோயாளிகளுக்கு, விசையை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் கருவி உள்ளடங்கிய மூட்டுகளையே பொருத்தி அளந்தார்கள். 2010ல் வெளியான அந்த அளவுகள்தான் இந்தத் துறையில் நாம் அதிகம் நம்புபவை. உடல் எடைக்கு எத்தனை மடங்கு என்று பார்த்தால்: இரண்டு காலில் நிற்க 1.07, நாற்காலியில் உட்கார 2.25, எழ 2.46, முழங்காலை மடக்கிக் குனிய 2.53, ஒற்றைக் காலில் நிற்க 2.59, நடக்க 2.61, படியேற 3.16, படியிறங்க 3.46.

70 கிலோ எடையுள்ளவர் படியிறங்கும்போது மூட்டின்மேல் சுமார் 240 கிலோ விழுகிறது. எங்கிருந்து வந்தது இவ்வளவு? பெரும்பங்கு நம் தசைகளே இழுக்கும் இழுப்பு. உடல் முன்னே விழாமல் பிடிக்கத் தொடை முன்தசை சில்லை இழுக்க, அந்த இழுப்பு மூட்டை அழுத்துகிறது. அதனால்தான் உடலை எங்கே வைத்துக்கொள்கிறோம், கையை எங்கே ஊன்றுகிறோம் என்பவை மூட்டின் பாரத்தை மாற்றுகின்றன. உடல் எடையும் இதே பெருக்கலில் வருகிறது: 5 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் மூட்டில் 13 கிலோ குறைகிறது.

நிற்பதும் நடப்பதும்

நடையின் தரத்தைத் தீர்மானிப்பது மடக்கம் என்று நினைப்போம். உண்மையில் நீட்டல். குதிகால் தரையைத் தொடும் கணத்தில் முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். பிறகு 15, 20 டிகிரி மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, மறுபடி நேராகி, கால் தரையை விட்டு எழுந்து வீசும்போது 60ஐத் தாண்டி மடங்க வேண்டும். 10, 15 டிகிரி நீட்டல் குறைந்தவருக்கு அந்தப் பூட்டிய நிலை கிடைக்கவே கிடைக்காது. நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை உழைத்துக்கொண்டே இருக்கும், கால் குட்டையானது போல நொண்டல் வரும், இடுப்பும் முதுகும் வலிக்கத் தொடங்கும். 120 டிகிரி மடங்கி 12 டிகிரி நீளாத காலைவிட, 105 மடங்கி முழுக்க நீளும் கால் எவ்வளவோ மேல்.

அதனால் முதல் ஆறு வாரம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாகத்தான் இருக்கும், வீங்கிய மூட்டு பாதி மடங்கிய நிலையைத்தான் விரும்பும். அந்தச் சுகத்தில் பின்பக்கத் திசு சுருங்கிவிடும். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில். சுருட்டிய துண்டின்மேல் குதிகாலை வைத்து, முழங்கால் தொங்கி நீளும்படி 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. அதே நிலையில் தொடை முன்தசையை இறுக்கி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையோடு அழுத்தி 5 நொடி பிடித்து விடுவதைப் பத்து முறை செய்யுங்கள். காலை நேராக வைத்துத் தூக்கும்போது முழங்கால் சற்று மடங்கிக் குழைந்தால், மூட்டு நீள்கிறது, தசை இன்னும் நீட்டவில்லை என்று பொருள். வீக்கம் இருக்கும்வரை தொடைத் தசை முழு வேகத்தில் வேலை செய்யாது. இது மூட்டிலிருந்து போகும் நரம்புத் தகவலால் நிகழும் அடக்கம், சோம்பல் அல்ல. ஆகவே பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைப்பதும், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

நடையில் கவனிக்க வேண்டிய பிழை, காலைக் கட்டை போல விறைப்பாக வைத்து இடுப்பைத் தூக்கி வீசுவது. அறுவைக்கு முன் பல ஆண்டு வலியோடு நடந்த பழக்கம் அது. மூட்டு மாறினாலும் பழக்கம் மாறாது. திருத்த ஓர் எளிய வழி: மெதுவாக நடந்தபடி, குதிகால், உள்ளங்கால், கட்டைவிரல் என்று வரிசையாக மனதுக்குள் சொல்லுங்கள். கட்டைவிரலால் தரையைத் தள்ளினால் முழங்கால் தானாகவே மடங்கி வீசும். கைத்தடி பிடிப்பவர்கள் அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, அந்தக் காலோடு சேர்த்தே தடியை முன்வைக்க வேண்டும். அதே பக்கத்தில் பிடித்தால் உடல் அந்தப் பக்கமே சாய்ந்து பாரம் கூடும்.

நாற்காலி

இருக்கையின் உயரம்தான் பாதி வேலை. நிற்கும்போது முழங்காலின் பின்மடிப்பு இருக்கும் உயரமோ, அதைவிடச் சற்று மேலோ இருக்கட்டும். நடுத்தர உயரக்காரருக்கு 45 முதல் 50 செ.மீ. கைப்பிடி இருக்க வேண்டும். அமிழும் மெத்தை வேண்டாம். தாழ்ந்த சோபாதான் இருக்கிறது என்றால் கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு 5, 10 செ.மீ. உயர்த்தலாம்.

எழும்போது முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். இரு பாதங்களையும் முழங்காலுக்கு நேர்கீழே, முடிந்தால் சற்றுப் பின்னே இழுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை உடலை முன்சாய்த்து, கைப்பிடியை அழுத்தி எழுங்கள். முன்சாயாமல் நேராக எழ முயல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சாய்ந்தால் பாரத்தில் ஒரு பங்கை இடுப்புத் தசைகள் வாங்கிக்கொள்ளும். நேராக எழுந்தால் முழங்காலே எல்லாவற்றையும் சுமக்கும். உட்காரும்போது இருக்கையின் விளிம்பு இரு கால்களின் பின்புறத்திலும் படும்வரை பின்னால் போய், கையால் பிடித்து, மெல்ல இறங்குங்கள்.

முதல் சில வாரங்கள் அறுவை செய்த பாதத்தை ஒரு சாண் முன்னே வைத்து எழலாம்; பாரம் மற்றக் காலுக்குப் போகும். ஆனால் இதை எட்டு வாரத்துக்குப் பின்னும் தொடர்ந்தால் அந்தத் தொடை மெலிந்துகொண்டே போகும், மற்றக் காலின் மூட்டு தேயும். பலருக்கு வலியே இல்லாதபோதும் இந்தப் பழக்கம் தங்கிவிடுகிறது; அவர்களுக்கே தெரியாது. சோதித்துப் பார்க்க: எடை பார்க்கும் கருவி இரண்டை ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் வைத்து, எழுந்து நின்றவுடன் வேறொருவரை இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால், கண்ணாடி முன் அமர்ந்து இரு காலிலும் சமமாக ஊன்றி எழும் பயிற்சி வேண்டும்.

படிக்கட்டு

பாரம் உச்சத்தைத் தொடும் இடம் இது. ஒரு படி ஏறும்போது மேற்படியில் வைத்த கால் உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது மேற்படியிலேயே நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே உடலைக் கீழே இறக்குகிறது. அதாவது இரண்டு முறையும் உழைப்பது மேற்படிக் காலே. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்ற விதி இதிலிருந்துதான் பிறந்தது. காரணம் தெரிந்தால் மறக்காது.

ஏறுவதற்கு:
1. ஒரு கையால் கைப்பிடியைப் பிடியுங்கள், மற்றக் கையில் தடி.
2. நல்ல காலை மேற்படியில் முழுப் பாதமும் பதிய வையுங்கள்.
3. உடலைச் சற்று முன்சாய்த்து எழும்புங்கள்.
4. அறுவை செய்த காலையும் தடியையும் அதே படிக்குக் கொண்டு வாருங்கள்.

இறங்குவதற்கு:
1. கைப்பிடி ஒரு கையில். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றுங்கள்.
2. அறுவை செய்த காலைக் கீழ்ப்படியில் வையுங்கள்.
3. நல்ல காலின் முழங்காலை மெல்ல மடக்கி உடலை இறக்கி, அந்தக் காலையும் அதே படிக்குக் கொண்டு வாருங்கள்.

படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி இறங்க எப்போது தொடங்கலாம்? நாள்காட்டியைவிடத் தசையைக் கேட்பது நல்லது. 10 செ.மீ. உயரமுள்ள ஆடாத பலகையில் அறுவை செய்த காலால் நின்று, சுவரைத் தொட்டபடி மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கி ஏறுங்கள். பத்து முறை செய்கையில் முழங்கால் உள்ளே சாயாமல், இடுப்பு ஒருபக்கம் சரியாமல், கடைசியில் பொத்தென்று விழாமல் இருந்தால் 15 செ.மீ.க்குப் போகலாம். வழக்கமான படி ஏறத்தாழ 17 செ.மீ.; 15ல் பத்து முறை நிதானமாக வந்தவர் கைப்பிடியோடு மாற்றி மாற்றி இறங்கலாம். முழங்கால் உள்ளே சாய்வதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அந்தச் சாய்வில் தகட்டின் ஒரு பக்கம் நசுங்க, மறுபக்கத்தில் உலோகம் பிளாஸ்டிக்கை விட்டுச் சற்றே எழும்புகிறது.

கைப்பிடியைக் கூச்சமில்லாமல் பிடியுங்கள், பழகிவிட்ட பின்னும். சறுக்கி விழுந்து மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால் அதைச் சீராக்குவது முதல் அறுவையைவிடக் கடினம்.

திரும்புதல், வாகனம், படுக்கை

செயற்கை மூட்டு குறைவாகவே திரும்பும் என்று பார்த்தோம். அதனால் பாதத்தைத் தரையில் பதித்தபடி உடலை மட்டும் சுழற்றினால் அந்த முறுக்கு பிளாஸ்டிக்குக்கும் சிமெண்டுக்கும் போகிறது. திரும்ப வேண்டுமானால் மூன்று நான்கு சிற்றடிகளாக, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்புங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் இதைத்தான் மறக்கிறோம். இடம் குறுகலானால் பாதம் தரையிலேயே நிற்கிறது.

மகிழுந்தில் ஏற, இருக்கையை முடிந்தவரை பின்னே தள்ளி, இருக்கைக்கு முதுகு காட்டி நின்று, அறுவை செய்த காலை முன்னே நீட்டி உட்காருங்கள். பிறகு இரு கால்களையும் சேர்த்து, உடலோடு ஒன்றாக உள்ளே திருப்புங்கள். இறங்குவது இதற்கு நேர்மாறு. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சில நிமிடம் நடக்க வேண்டும். மூட்டு இறுகாமல் இருப்பதற்கும், இரத்தம் உறையாமல் இருப்பதற்கும். ஓட்டுவதைப் பொறுத்தவரை, வலி மருந்தின் மயக்கம் நீங்கி, பிரேக்கைத் தயக்கமின்றி அழுத்தும் வேகம் திரும்பியிருக்க வேண்டும். வலது கால் என்றால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். மருத்துவர் சொன்ன பின்பே.

ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

மிதிவண்டிப் பயிற்சி

நிலையான மிதிவண்டி, செயற்கை முழங்காலுக்கு வாய்த்த மிக நல்ல பயிற்சிகளில் ஒன்று: கோணம் உண்டு, பாரம் குறைவு. முழுச் சுற்று வர ஏறத்தாழ 105 முதல் 110 டிகிரி தேவை. அதற்கு முன்பே தொடங்கலாம். மிதியை முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆட்டி, மேலே தடைபடும் இடத்தில் சில நொடி நிறுத்துங்கள். முதல் முழுச் சுற்று பெரும்பாலோருக்குப் பின்னோக்கித்தான் வரும். இருக்கையை உயர்த்தினால் தேவைப்படும் கோணம் குறையும். ஆனால் இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடும் அளவுக்கு உயர்த்தினால் முழங்கால் மடங்காமல் இடுப்பே ஏமாற்றிவிடும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரம் சரி. மிதியில் எதிர்ப்பு எதுவும் வைக்காமல் 5 நிமிடத்தில் தொடங்கி 15, 20 நிமிடம் வரை போங்கள்.

நடை, மிதிவண்டி, நீச்சல் மூன்றும் நீண்டநாள் துணை. ஓட்டமும் குதித்தலும் வேண்டாம்.

மண்டியிடுதலும் தரையும்

மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடும் என்று பயப்படுபவர்கள் அதிகம். காயம் முழுக்க ஆறி, மருத்துவர் சரியென்றபின் மண்டியிடுவதால் உள்வைப்புக்குக் கேடில்லை என்பதே பொதுவான கருத்து. தடையாக இருப்பது பெரும்பாலும் தோல். அறுவைக் கோட்டில் தோல் நரம்பின் கிளைகள் அறுபடுவதால் முழங்காலின் வெளிப்பக்கம் மரத்திருக்கும், அல்லது தொட்டால் கூசும். மெத்தென்ற கட்டிலின்மேல் மண்டியிட்டுத் தொடங்கி, பிறகு தரையில் 5 செ.மீ. தடிமனான நுரைமெத்தைக்கு வாருங்கள்.

தரைக்கு இறங்க உறுதியான நாற்காலி ஒன்று வேண்டும். அதைப் பிடித்து, நல்ல காலை முன்வைத்து, அறுவை செய்த முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். எழும்போதும் நல்ல பாதமே முன்னே. அதையும் கைகளையும் அழுத்தி எழுங்கள். விழுந்துவிட்டால் எழத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவாவது எல்லோரும் இதைப் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு ஒருமுறை பழகிக்கொள்ள வேண்டும்.

குந்தி உட்கார 130 டிகிரிக்கு மேல் தேவை. அந்த ஆழத்தில் உலோகம் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் சிறு பரப்பில் அழுத்துகிறது. அங்கிருந்து எழும்போது பாரமும் கூடுகிறது. சிலரால் முடியும், முடிவதாலேயே தினமும் செய்ய வேண்டியதில்லை. சம்மணமிடுவதில் மடக்கத்தோடு முறுக்கும் சேர்கிறது. மூட்டு அனுமதித்தால், உயரமான திண்டின்மேல், சிறிது நேரம் போதும். கையால் காலை இழுத்துத் திணித்து உட்காருவது கூடாது.

ஓசைகளும் எச்சரிக்கைகளும்

நடக்கும்போதும் காலை ஆட்டும்போதும் கேட்கும் லேசான "டக்" ஓசை உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. வலி, வீக்கம், தடுமாற்றம் இல்லையென்றால் பொருட்படுத்த வேண்டாம். மடங்கிய காலை நீட்டும்போது, 30 முதல் 45 டிகிரிக்குள் சில்லுக்கு மேலே ஏதோ சிக்கி, வலியோடு "டொக்" என்று விடுபட்டால் அது வேறு: முளை வகை மூட்டுகளில் சில்லுக்கு மேலே வளரும் நார்முடிச்சு, தொடைப் பாகத்தின் குழியில் மாட்டிக்கொள்வது. இதற்குச் சிகிச்சை உண்டு. நேராக நிற்கையில் உறுதியாக இருந்து, பாதி மடங்கிய நிலையில் மட்டும் மூட்டு ஆடினால், படியிறங்கப் பயமாக இருந்தால், ஒவ்வோர் உழைப்புக்குப் பின்னும் வீங்கினால், தசைநார் இறுக்கம் சரியில்லாமல் இருக்கலாம். எந்தக் கோணத்தில் ஆடுகிறது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கடந்தும் 90 டிகிரி தொடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். வடு கெட்டியானபின் பயன் குறைந்துவிடும். மூட்டு தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது சில மாதங்கள் இயல்பு. ஆனால் காய்ச்சல், காயத்தில் கசிவு, திடீரெனக் கூடும் சிவப்பும் வலியும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படியே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். தடுக்கி விழுந்தபின், நேற்றுவரை நேராகத் தூக்கிய காலை இன்று தூக்கவே முடியவில்லை என்றால் சில்லோடு சேரும் தசைநாண் அறுந்திருக்கலாம். அந்தக் காலில் பாரம் வைக்காமல், நீட்டியபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.